மருத நிழல் அல்ல அது: அவுஸ்திரேலிய மலைப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

மெல்பேணிலும் அடிலெய்டிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வன்னியிலிருந்து போகும் தாய் தகப்பன்மாரும் சகோதரங்களும் இப்போது வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புவதில்லை. வாகனத்தில் கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகிறார்கள். அந்தப் பயணம் பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். காட்டோடு வளர்ந்தவர்களுக்குப் பல விடயங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் காட்டில் சரியாக இருக்கும் நாலைந்து பழக்கங்கள் அந்தக் காட்டில் ஆபத்தாக முடியும். ஆகவே அந்த இடங்களில்தான் கூடுதலாக நின்று எழுதியிருக்கிறோம்.

பரந்தன் வாசகர்: மகன் மெல்பேணில் இருக்கிறான். பத்து நாள் லீவு எடுத்து மலை, மிருகம், முந்திரிகைத் தோட்டம் எல்லாம் காட்டுகிறேன் என்கிறான். பத்து நாளில் முடியுமா? எந்த மாதம் நல்லது?

முடியும். ஆனால் வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தெரியும் தூரம் அங்கே ஒரு முழுப்பகல் ஓட்டம் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். மெல்பேணிலிருந்து கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஹோல்ஸ் கப் 260 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். அங்கே இரண்டு இரவு. அங்கிருந்து அடிலெய்டுக்கு வடகிழக்கே உள்ள பரோசா பள்ளத்தாக்கு சுமார் 500 கிலோமீற்றர், இதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். பரோசாவில் இரண்டு இரவு, அதற்கு வடக்கே 100 கிலோமீற்றரில் உள்ள கிளேர் பள்ளத்தாக்கில் ஒரு இரவு. பிறகு வடக்கே சுமார் 300 கிலோமீற்றர் ஏறினால் பிளிண்டர்ஸ் மலைத்தொடரின் நடுவே வில்பீனா பவுண்ட் என்ற கிண்ணம் போன்ற மலைவளையம். அங்கே மூன்று இரவுக்குக் குறையாமல் நில்லுங்கள், இந்தப் பயணத்தின் உச்சம் அதுதான். திரும்பும்போது வில்பீனாவிலிருந்து அடிலெய்ட் 430 கிலோமீற்றர், அடிலெய்டிலிருந்து மெல்பேண் 730 கிலோமீற்றர். உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் 2,700 கிலோமீற்றருக்குக் குறையாது. அடிலெய்டில் வாகனத்தை ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்ப முடிந்தால் ஒரு நாள் மிச்சம். அந்த நாளை அடிலெய்ட் மலைப்பகுதிக்கும், 1839இல் ஜேர்மன் குடியேறிகள் அமைத்த ஹான்டோர்ப் ஊருக்கும் கொடுக்கலாம்.

பருவகாலம் அங்கே தலைகீழ். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை கோடை. அப்போது பிளிண்டர்ஸில் வெயில் 40 பாகையைத் தாண்டும், காட்டுத்தீப் பயத்தில் பூங்காக்களையும் மூடுவார்கள். மார்ச் கடைசி தொடக்கம் மே நடுப்பகுதி வரை, அல்லது செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்கள் பொருத்தமானவை. முந்திரிகை அறுவடை பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரை நடக்கும். மார்ச் பிற்பகுதியில் போனால் அறுவடையின் முடிவையும் பார்க்கலாம், வெயிலும் தணிந்திருக்கும். உயிர்த்த ஞாயிறு விடுமுறையையும் பாடசாலை விடுமுறைகளையும் மட்டும் தவிருங்கள். கூடாரமடிக்கும் இடங்கள் எல்லாம் இணையத்தில் முன்பதிவு செய்யப்படுபவை. அந்த நாட்களில் போய் நின்று கேட்டால் இடம் கிடைக்காது.

இன்னொன்று: 2024 டிசம்பரில் கிராம்பியன்ஸில் பற்றிய தீ பெரும் பரப்பை எரித்தது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் பார்க்ஸ் விக்ரோறியா தளத்தில் பார்த்தபின் இடத்தைப் பதிவு செய்யுங்கள்.

முள்ளியவளை வாசகர்: நான் வயல் செய்கிற ஆள், மாடும் வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் சாமான்களைப் பறித்து எறிவார்களாமே? என்ன கொண்டுபோகலாம்?

ஒளிக்காவிட்டால் பயமில்லை. இறங்கும்போது நிரப்பும் படிவத்தில் கடந்த 30 நாட்களுக்குள் பண்ணை, பண்ணை மிருகங்கள், காடு, ஆறு குளம் ஆகியவற்றோடு தொடர்பு இருந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். வன்னியிலிருந்து போகும் எவருக்கும் இதற்குப் பதில் ‘ஆம்’தான். ஆம் என்று போட்டால் திருப்பி அனுப்புவார்களோ என்று பயந்து ‘இல்லை’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் பிழை. ஆம் போட்டால் சப்பாத்தைக் காட்டச் சொல்வார்கள், மண் இருந்தால் கழுவித் தருவார்கள், அவ்வளவுதான். பொய் சொல்லி அகப்பட்டால் ஆயிரக்கணக்கான டொலர் தண்டம், விசாவே இரத்தாகவும் இடமுண்டு. அவர்கள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் மாடுகளின் காலிலும் வாயிலும் புண் போடும் கால்-வாய் நோய். அது அந்த நாட்டு மாடுகளில் இல்லை, எங்கள் நாட்டில் இருக்கிறது. உங்கள் தொழுவத்துச் சேறு ஒட்டிய செருப்பு ஒன்றே அதைக் கொண்டுபோகக்கூடும். புறப்பட இரண்டு நாளுக்கு முன் சப்பாத்தின் அடிப்பள்ளங்களைப் பழைய பல் தூரிகையால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பையில் கட்டி வையுங்கள். வயலுக்குப் போட்டு நடந்த செருப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நெய், பால்கோவா, வற்றல் இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், முளைக்கக்கூடிய விதைகள் ஒன்றும் வேண்டாம். கருவாடு, மிளகாய்த்தூள் போன்றவற்றைப் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். வீட்டில் இடித்த தூளை விடத் தொழிற்சாலையில் பொதி செய்து பெயர் அச்சிட்ட பக்கற் சுலபமாகத் தப்பும். உண்மையில் மெல்பேணின் டண்டினோங் பக்கத்துக் கடைகளில் எங்கள் சாமான் எல்லாமே கிடைக்கும்.

விமான நிலையத்தோடு இது முடிவதில்லை. மெல்பேண் இருக்கும் விக்ரோறியா மாநிலத்திலிருந்து அடிலெய்ட் இருக்கும் தென் அவுஸ்திரேலியா மாநிலத்துக்குள் நுழையும்போதும் பழ ஈக் கட்டுப்பாடு உண்டு. பழங்கள் மட்டுமல்ல, தக்காளி, பச்சைமிளகாய், கத்தரிக்காய் எல்லாம் அந்த ஈ முட்டையிடும் காய்கள்தான். மெல்பேணில் பத்து நாளுக்கான மரக்கறியை வாங்கி ஏற்றினால் எல்லையில் தொட்டிக்குள் கொட்ட வேண்டிவரும். எல்லைக்கு முந்திய நாளோடு முடியும் அளவுக்கு வாங்கி, மிச்சத்தை அந்தப் பக்கம் போய் வாங்குங்கள்.

மாங்குளம் வாசகி: எங்களுக்குப் பாய் ஒன்று போதும் என்று தங்கச்சியிடம் சொன்னேன். குளிரில் செத்துப்போவீர்கள் என்று பயப்படுத்துகிறாள். உண்மையா?

தங்கச்சி சொல்வது சரி. மார்கழிப் பனியில் வன்னி 20 பாகைக்குக் கிட்ட இறங்கினாலே நாங்கள் மூடிப் போர்த்துகிறோம். பிளிண்டர்ஸில் ஆனி, ஆடி இரவுகள் பூச்சியத்துக்குக் கிட்டப் போகும். மேயிலும் செப்ரெம்பரிலும்கூட 5, 6 பாகைக்கு இறங்கும்.

குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வையை அடுக்குவதுதான் எல்லோரும் விடும் பிழை. உடம்புச் சூட்டை உறிஞ்சுவது கீழே உள்ள நிலம். காற்று ஊதும் மெத்தை தனியாகப் போதாது. அதற்குள் இருக்கும் காற்றும் குளிர்ந்து, உருண்டுகொண்டு, சூட்டை நிலத்துக்கு இறக்கிவிடும். முதலில் கூடாரத்தின் அடித்துணி, அதன்மேல் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள நுரைப்பாய், அதன்மேல் மெத்தை, அதன்மேல் தூங்கும் பை. எங்கள் பன்பாய் இதில் உதவாது.

தூங்கும் பையில் இரண்டு மூன்று பாகைக் கணக்குகள் அச்சிட்டிருக்கும். ‘கம்போட்’ என்று எழுதியிருப்பதுதான் நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை, ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் கணக்கு மட்டுமே. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்போட் கணக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கம்போட் 0 பாகை என்று இருப்பதை வாங்குங்கள். தலைக்குக் கம்பளித் தொப்பி, காலுக்குப் பகலில் போடாத காய்ந்த மேசு.

விடியற்காலையில் கூடாரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் அது மழை ஒழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேரின் மூச்சு நீராகிக் குளிர்ந்த துணியில் படிவதுதான் அது. குளிருக்குப் பயந்து காற்றுச் சாளரங்களை மூடினால் இன்னும் நனையும். மேல், கீழ் இரண்டையும் சற்றுத் திறந்து விடுங்கள்.

அடுப்பை எக்காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் எடுக்க வேண்டாம். காஸ் அடுப்பானாலும் கரியானாலும் மூடிய இடத்தில் காபன் மொனொக்சைட் சேரும். மணமும் இல்லை, இருமலும் வராது, நித்திரையிலேயே உயிர் போய்விடும்.

காஸ் பற்றியும் ஒன்று. மலிவாகக் கிடைக்கும் 220 கிராம் நீளக் குப்பியில் இருப்பது பியூற்றேன். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனால் அது திரவமாகவே கிடக்கும், ஆவியாகாது. 5 பாகையிலேயே சுவாலை சோர்ந்துவிடும். விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனால் குப்பி நிறைந்திருந்தும் அடுப்பு பற்றாததற்குக் காரணம் இதுதான். இரவில் குப்பியை வாகனத்துக்குள் துணி சுற்றி வையுங்கள், அல்லது புரொப்பேன் கலந்த குப்பியை வாங்குங்கள். குப்பியைச் சுடுதண்ணீரிலோ நெருப்பிலோ காட்டவே கூடாது. நாலு பேருக்குச் சோறு கறி இரண்டு வேளையும் தேத்தண்ணியும் என்றால் நாளுக்கு ஒரு குப்பி என்று கணக்கு வைத்து, மேலதிகமாக இரண்டு எடுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: காட்டில் கிடந்து பழகியவன் நான். நிழல் பார்த்து, தண்ணி பார்த்து, காற்றுப் பார்த்து இடம் தெரிவு செய்யத் தெரியும். அங்கேயும் அதுதானே?

இல்லை. உங்களைப் போன்ற அனுபவசாலிகளுக்காகவே இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறோம்.

கனகராயன் ஆற்றோரம் மருத மரத்தடியில் பாய் விரித்தால் அதைவிடப் பாதுகாப்பான இடமில்லை. பாலையும் முதிரையும் அப்படித்தான், அவற்றின் கொப்பு லேசில் முறியாது. அதே கண்ணோடு பிளிண்டர்ஸுக்குப் போனால் காய்ந்த ஆற்றோரம் பெரிய பெரிய யூக்கலிப்ரஸ் மரங்கள் நிற்கும். ஆற்றுச் சிவப்புக் கம் என்று அதற்குப் பெயர். நிழலும் பரந்தது, அடியும் வெறும் மணல், பார்க்க மருதின் உறவுபோல இருக்கும். அதன் கீழ் கூடாரமடிக்காதீர்கள். வெக்கையும் வரட்சியும் கூடும்போது அந்த மரம் காற்றே இல்லாத பின்னேரத்திலும் பச்சைக் கொப்பை அப்படியே விழவிடும். உள்ளே கறையான் தின்று கோறையான கொப்பு என்று வெளியே தெரியாது. ஆட்களைக் கொன்றிருக்கிறது. கொப்பு விரிந்திருக்கும் எல்லைக்கு வெளியே கூடாரத்தைப் போட்டு, நிழலுக்கு ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டுங்கள்.

ஆற்றுப் படுக்கைக்குள்ளும் படுக்க வேண்டாம். எங்கள் ஆறுகளில் வெள்ளம் வருமுன் குளங்கள் நிரம்ப வேண்டும், வான் பாய வேண்டும், ஊருக்கே தெரியும். அங்கே 50 கிலோமீற்றருக்கு அப்பால் மலையில் இடியோடு பெய்த மழை, நீங்கள் வானத்தில் ஒரு முகிலும் காணாத இரவில் படுக்கைக்குள் பாய்ந்து வரும். பாறை நிலம் நீரைக் குடிக்காது.

விறகு: தேசியப் பூங்காக்களில் கீழே கிடக்கும் சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. செத்து விழுந்த மரத்தின் பொந்துகளில்தான் அங்குள்ள சிறு பிராணிகளும் பல்லிகளும் குடியிருக்கின்றன. பெற்றோல் நிலையங்களில் பையில் கட்டிய விறகு விற்பார்கள், வாங்குங்கள். தீ மூட்ட அனுமதித்த காலத்திலும் அதற்கென்று கட்டிய அடுப்பில் மட்டுமே மூட்டலாம். கோடையில் பல பூங்காக்களில் விறகு அடுப்பே தடை.

தீயை அணைப்பதில்தான் எங்கள் கை பிழைக்கும். மண் போட்டு மூடிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மண் சூட்டை மூடிப் பாதுகாக்கும், தணலை அணைக்காது. மேலே பார்த்தால் வெறும் மணல், எட்டு மணித்தியாலம் கழித்தும் உள்ளே கனன்றபடி இருக்கும். விடிய வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில் கால் வைத்துவிடும். பத்து லீற்றர் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்து, ஊற்றி, தடியால் கிண்டி, மறுபடி ஊற்றி, கையின் புறத்தைக் கிட்டப் பிடித்துச் சூடு இல்லை என்று உறுதியானபின் நகருங்கள்.

தினமும் காலையில் தீ அபாய நிலையைப் பாருங்கள். 2022 செப்ரெம்பர் தொடக்கம் நாடு முழுவதும் ஒரே நாலு படிகள்: மொடறேற், ஹை, எக்ஸ்ட்ரீம், கற்றஸ்றோபிக். கடைசிப் படி அறிவித்தால் அந்தப் பகுதியில் நிற்கவே வேண்டாம், முதல் நாளே நகரத்துக்கு இறங்குங்கள். முழுத் தீத் தடை நாள் என்று அறிவித்தால் திறந்த நெருப்பு ஒன்றும் இல்லை, பூங்காவுக்குள் காஸ் அடுப்புக்கும் தடை இருக்கலாம். அந்த நாளுக்கென்று பாணும் ரின்மீனும் வெண்காயமும் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். விக்ரோறியாவில் விக் எமர்ஜென்சி, தென் அவுஸ்திரேலியாவில் அலேர்ட் எஸ்.ஏ. செயலிகளைப் புறப்படுமுன் இறக்கிக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீர்: பிளிண்டர்ஸில் ஒருவருக்கு நாளுக்கு ஐந்து லீற்றர் என்று வாகனத்தில் ஏற்றுங்கள். குழாயில் வரும் எல்லாம் குடிக்கக்கூடிய தண்ணீரல்ல. குழாய்க் கிணற்று நீர் என்று பலகை போட்டிருந்தால் பாத்திரம் கழுவ மட்டும்.

வவுனியா வாசகர்: இருபது வருடம் ஏ-9 வீதியில் லொறி ஓட்டியவன். அங்கே ஓட்டுவதில் என்ன பிரச்சினை வரும்?

இடப்பக்க ஓட்டம்தான், வலப்பக்க ஸ்ரேறிங்தான். ஆகவே கை பழக நாள் எடுக்காது. ஆனால் உங்கள் இருபது வருடமும் பெரும்பாலும் தட்டை நிலத்தில். மலை இறக்கம் வேறு கலை. கிராம்பியன்ஸிலும் அடிலெய்ட் மலைகளிலும் பல கிலோமீற்றருக்கு வளைந்து வளைந்து இறங்கும் வீதிகள் உண்டு. ஓட்டோ கியர் வாகனத்தை ‘டி’யில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பாட் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும், பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி அடியோடு போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியருக்கு மாற்றி இயந்திரத்தால் வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு, அழுத்தமாகவும் குறுகிய நேரத்துக்கும் மிதியுங்கள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானைக்குப் பயந்து ஓட்டிய உங்களுக்குக் கங்காருவின் கதை விளங்கும், ஆனால் ஒரு வித்தியாசம். யானை நிற்கும், கங்காரு பாயும். வீதியோரத்தில் நின்று உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசிக் கணத்தில் வெளிச்சத்துக்குள் குதிக்கும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரம் தொடக்கம் விடிந்து சூரியன் ஏறும்வரை அதன் நேரம். வந்துவிட்டால் திருப்ப வேண்டாம், நேராகப் பிடித்துப் பிரேக்கை மிதியுங்கள். அங்கே செத்தவர்கள் பலர் கங்காருவில் மோதிச் சாகவில்லை, அதைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் மோதியவர்கள். பின்னேரம் நாலு மணிக்குக் கூடாரமடித்து முடிக்கும்படி ஒவ்வொரு நாளையும் திட்டமிடுங்கள். எங்கள் ஆட்கள் ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று இருட்டில் ஓடுவதுதான் ஆபத்து.

மோதிச் செத்த கங்காரு பெண்ணாக இருந்தால் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். முலைக்காம்பைப் பிடித்திருக்கும் குட்டியை இழுத்து எடுக்காதீர்கள், வாய் கிழியும். வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்தி, அந்த மாநிலத்து வனவிலங்கு மீட்பு இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

வாடகை வாகனம் என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடி வாசியுங்கள்: செப்பனிடாத வீதியில் ஓடினால் காப்புறுதி உண்டா, இரவில் மிருகத்தில் மோதினால் உண்டா? பல ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் இல்லை. பிளிண்டர்ஸின் பிறக்கீனா பள்ளம் கிறவல் பாதை, ஆகவே இது வெறும் சொல் அல்ல. கிறவலில் போக அனுமதி இருந்தால் 60க்கு மேல் போகாமல், வளைவில் பிரேக் பிடிக்காமல் ஓடுங்கள்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே எடுக்க முடியாது. தென் அவுஸ்திரேலியாவில் பாடசாலை வலயத்தில் பிள்ளைகள் நின்றால் மணிக்கு 25 கிலோமீற்றர்தான். அது எங்கள் சைக்கிள் வேகம், ஆனால் பொலிஸ் நிற்கும்.

துணுக்காய் வாசகி: பாம்புக் கடிக்கு அங்கே துணி சுற்றிக் கட்டச் சொல்கிறார்கள். எங்கள் வைத்தியசாலையில் கட்டவே வேண்டாம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, பாம்பு வேறு. இங்கே அதிகம் அஞ்ச வேண்டியது புடையன். அதன் நஞ்சு கடித்த இடத்தைச் சுற்றியுள்ள தசையையும் இரத்தத்தையும் தாக்கும். கட்டி அடைத்து வைத்தால் அந்த அவயவமே கெடும். அதனால்தான் எங்கள் வைத்தியர்கள் கட்ட வேண்டாம் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் பழுப்புப் பாம்பும் புலிப் பாம்பும் நாகத்தின் குடும்பம். அவற்றின் நஞ்சு நிணநீர்க் குழாய்களின் வழியே மெல்ல ஏறி நரம்பையும் இரத்த உறைதலையும் தாக்கும். அந்தக் குழாய்களை அமுக்கி, அவயவத்தை அசையாமல் வைத்தால் நஞ்சு ஏறுவது தாமதமாகும்.

செய்முறை: கடிபட்டவரை அந்த இடத்திலேயே இருத்துங்கள், ஒரு அடியும் நடக்கவிட வேண்டாம். 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் அகலமான இழுபடும் பண்டேஜை விரல்களில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி, கை அல்லது கால் முழுவதையும் மூடுங்கள். சுளுக்குக்குச் சுற்றும் இறுக்கம் போதும், இரத்தோட்டம் நிற்கக் கூடாது. கடித்த இடத்தைப் பண்டேஜின் மேல் பேனையால் அடையாளமிடுங்கள். தடி வைத்து மட்டை கட்டி அசையாமல் ஆக்குங்கள். கடிவாயைக் கழுவ வேண்டாம், தோலில் ஒட்டிய நஞ்சு எந்தப் பாம்பு என்று அறிய உதவும். கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். 000 இலக்கத்துக்கு அழையுங்கள். வைத்தியசாலையில் மட்டுமே பண்டேஜை அவிழ்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு என்ற கணக்கில் பண்டேஜ் வாங்கி, பெட்டிக்குள் அமுக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அம்புலன்ஸ் அங்கே வருகையாளருக்கு இலவசமல்ல. இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் மருத்துவ உடன்படிக்கையும் இல்லை. பயணக் காப்புறுதி எடுக்காமல் கூடாரத்தில் படுக்கப் போக வேண்டாம்.

வட்டக்கச்சி வாசகர்: யாழ்ப்பாணத்தில் பந்தலில் வளரும் முந்திரிகை பார்த்திருக்கிறேன். பரோசாவில் என்ன பார்க்க இருக்கிறது? நான் குடிப்பதில்லை, மருமகன் குடிப்பார். வாகனம் ஓட்டுவதும் அவர்தான்.

முதலில் மருமகனின் கணக்கைப் பார்ப்போம். இரத்தத்தில் மதுவின் எல்லை 0.05. பரோசாச் சிவப்பு வைன் 14 சதவீதம் என்றால் 90 மில்லிலீற்றரில் ஒரு ‘நிலையான அளவு’, அதாவது 10 கிராம் மது இருக்கிறது. சுவைக்கத் தரும் ஒரு ஊற்று ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். ஐந்து வைன் சுவைத்தால் ஒன்றரைக்கு மேல், மூன்று இடத்தில் சுவைத்தால் ஐந்து அளவு. உடம்பு ஒரு மணித்தியாலத்தில் ஒரு அளவைத்தான் கரைக்கும். வீதியில் எந்த நேரமும் மறித்து ஊதச் சொல்வார்கள். மேசையில் துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவதை அங்கே எவரும் குறையாக எடுப்பதில்லை. ஆனால் சரியான வழி, அந்த நாள் அவர் ஓட்டாமல் உள்ளூர்ச் சுற்றுலா வாகனம் ஒன்றில் போவது.

நீங்கள் பார்க்க நிறைய இருக்கிறது. எங்கள் பந்தல் முறைக்குக் காரணம் வெயில்: இலை மேலே விரிந்து குலைக்கு நிழல் தரும். கவாத்துப் பண்ணியே கொடியைக் காய்க்க வைக்கிறோம், வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும். பரோசாவில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வருடத்துக்கு ஒரே ஒரு முறை காய்க்கும். கம்பி வேலியில் வரிசையாக ஏற்றியிருப்பார்கள், இயந்திரம் வரிசைக்கு மேலாகக் கால் பரப்பி ஓடி அறுவடை செய்யும். அதுவும் பெரும்பாலும் இரவில், பழம் குளிர்ந்திருந்தால் சாறு கெடாது. மழை முக்கியமாகக் குளிர்காலத்தில், அளவும் வன்னியில் பெய்வதில் பாதியளவுதான். கோடை முழுவதும் சொட்டு நீர்.

வரிசைக்குள் இறங்கிக் கொடியைத் தொட்டுப் பார்க்க விவசாயிக்குக் கை துருதுருக்கும். தயவுசெய்து இறங்காதீர்கள். பிலொக்செறா என்ற வேர்ப்பேன் 1877இல் விக்ரோறியாவின் ஜீலோங் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் அந்த மாநிலத்தின் சில பகுதிகளில் இருக்கிறது. தென் அவுஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. அது வேரைக் குத்திச் சாறு உறிஞ்ச, வேர் அழுகி, சில வருடங்களில் தோட்டமே பட்டுப்போகும். மருந்தில்லை. பிடுங்கி எரித்துவிட்டு, அதைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டிய கொடியை நட வேண்டும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தப் பூச்சி சப்பாத்திலும் ரயரிலும் ஏறிப் பயணம் செய்யும். மெல்பேணிலிருந்து வரும் வழியில் விக்ரோறியத் தோட்டம் ஒன்றில் கால் வைத்துவிட்டு அதே சப்பாத்தோடு பரோசாவில் இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, 1843இல் நட்டு இன்றும் காய்க்கும் கொடிகளைப் பரோசாவின் தனுண்டா ஊரில் பார்க்கும்போது விளங்கும். சொந்த வேரில் நிற்கும் கிழட்டுக் கொடிகள், அடிமரம் எங்கள் முதிரைக் குற்றிபோல முறுகியிருக்கும். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

செப்பெல்ற்ஸ்பீல்ட் பக்கம் போகும் வீதியின் இரு மருங்கும் ஏறக்குறைய 2,000 பேரீச்ச மரங்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் தோட்டத்து வேலையாட்களை நிற்பாட்டாமல், அவர்களைக் கொண்டு நட்டவை. பனங்கூடலில் வளர்ந்த கண்ணுக்கு அந்த வீதி பிடிக்கும். கிளேரில் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி இருக்கிறார்கள், தட்டையான பாதை, வயதானவரும் ஓடலாம்.

புதுக்குடியிருப்பு வாசகி: அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். 2009இல் மாதக்கணக்கில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர். கூடாரம் என்றதும் முகம் மாறுகிறது. வெளியே சொல்கிறாரில்லை. என்ன செய்யலாம்?

அம்மாவைக் கூடாரத்தில் படுக்க வைக்க வேண்டாம். பழகிவிடும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். மழை துணியில் விழும் சத்தமும், நிலத்தின் ஈரமும், இரவில் கழிவறைக்கு வரிசையில் நடப்பதும் உங்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு வேறு.

கரவன் பார்க் என்று சொல்லும் இடங்களில் கூடாரத் தரையோடு கபின்களும் உண்டு: பலகைச் சுவர், கட்டில், கதவுக்குப் பூட்டு, உள்ளேயே குளியலறையும் சின்னக் குசினியும். ஹோல்ஸ் கப்பிலும் தனுண்டாவிலும் வில்பீனாவுக்குப் போகும் வழியிலுள்ள ஹோக்கர் ஊரிலும் இருக்கின்றன, வில்பீனாவில் விடுதி அறைகள் இருக்கின்றன. அம்மாவுக்கும் துணைக்கு ஒருவருக்கும் கபின் எடுத்து, மற்றவர்கள் அதே பார்க்கில் கூடாரம் போடுங்கள். பதிவு செய்யும்போது படுக்கை விரிப்பு சேர்த்தா தனியா என்று கேளுங்கள், கழிவறை உள்ளே உள்ள கபினா என்று உறுதிப்படுத்துங்கள், மலிவான கபின்களில் அது வெளியே இருக்கும். பச்சை, நீலத் தறப்பாளை நிழலுக்குக் கட்டாமல் மடக்கக்கூடிய துணிப்பந்தல் ஒன்றை வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அம்மாவின் கபின் விறாந்தையையே எல்லோரும் கூடும் இடமாக்கிவிடுங்கள்.

மடு வாசகர்: கோலாவை எங்கே காணலாம்? கங்காருவுக்குப் பாண் கொடுக்கலாமா?

கோலா பிளிண்டர்ஸில் இல்லை, அடிலெய்ட் மலைகளில் தாராளம். அது நாளில் 18 மணித்தியாலத்துக்கு மேல் உறங்கும். ஆகவே அசைவைத் தேடாமல், கொப்பு பிரியும் கவட்டில் சாம்பல் நிற உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தடியில் புளியங்கொட்டை அளவான எச்சம் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். வெயிலில் தவித்து இறங்கியதற்குப் போத்தலால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். பாத்திரத்தில் வைத்துவிட்டு விலகுங்கள். கங்காருவுக்குப் பாண் கொடுத்தால் ஈறு புண்ணாகித் தாடை வீங்கும் நோய் வரும், கொடுக்க வேண்டாம். ஹோல்ஸ் கப்பில் மஞ்சட்கொண்டை வெள்ளைக் கிளிகள் எங்கள் குரங்குகளுக்குச் சளைத்தவையல்ல, சாப்பாட்டுப் பெட்டியை வாகனத்துக்குள் பூட்டுங்கள். பிறக்கீனா பள்ளத்தில் வளையம் வளையமான வாலோடு மஞ்சட்கால் பாறைக் கங்காரு இருக்கிறது, விடியற்காலையில் பாறைச் சரிவைப் பொறுமையாகப் பாருங்கள்.

நெடுங்கேணி வாசகர்: வில்பீனாவில் மிக உயரமான மலை ஏறலாமா?

சென்ற் மேரி சிகரம் 1,171 மீற்றர். ஏறத் தடையில்லை. ஆனால் அந்த நிலத்துக்குரிய அட்னியமதனா மக்கள் உச்சியில் கால்வைக்க வேண்டாம் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய படைப்புக் கதையில் அது புனித இடம். நாங்கள் மூலஸ்தானத்துக்குள் ஏறுவதில்லை. அதே மரியாதையோடு தண்டெறா கணவாயோடு திரும்புங்கள், காட்சி அங்கேயே கிடைத்துவிடும். ஏலாதவர்களுக்கு வங்காரா மேடை போதும். அங்கிருந்து 17 கிலோமீற்றர் நீளமும் 8 கிலோமீற்றர் அகலமுமான அந்த மலைக்கிண்ணம் முழுவதும் தெரியும். எரிமலை வாய் என்று சொல்வார்கள், பிழை. மடிந்த பாறை அடுக்குகள் தேய்ந்து எஞ்சிய விளிம்பு அது.

கிளிநொச்சி வாசகி: அங்கிருந்து எந்த நேரம் வீட்டுக்கு அழைக்கலாம்?

விக்ரோறியா எங்களை விட நாலரை மணித்தியாலம் முன்னால், தென் அவுஸ்திரேலியா நாலு மணித்தியாலம். ஒக்ரோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். எல்லை கடக்கும்போது கடிகாரம் அரை மணி பின்னுக்குப் போகும், கூடார இடத்தின் அலுவலகம் மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது மறக்க வேண்டாம். மலைப்பக்கம் ரெல்ஸ்ரா சிம் மட்டுமே ஓரளவு பிடிக்கும், பள்ளங்களுக்குள் அதுவும் இல்லை. வரைபடத்தைத் தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கிவிட்டு, ஹோக்கரில் பெற்றோல் அடிக்க நிறுத்தும்போது வீட்டுக்கு அழைத்து, அடுத்த மூன்று நாள் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.